டயர் அகலமானால் போதுமா? ரிம் ஒத்துக்கொள்ள வேண்டாமா?

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் ஒரு டயர் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் ஒருவருடன் அங்கே போயிருந்தேன். அப்போது ஓர் இளைஞர் தம் காரைக் கொண்டு வந்து நிறுத்தினார். வாடகைக்கு ஓடும் டிசையர் கார். காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கும் பக்தர்களைத் திருமலைக்கு அழைத்துச் செல்வதுதான் அவருக்குப் பிழைப்பு.

"அண்ணே, நாலு சக்கரத்துக்கும் நல்ல அகலமா டயர் போடுங்க. 205 போதும். மலையில வண்டி புடிச்சு நிக்கணும்" என்றார்.

கடைக்காரர் டயர் அடுக்கின் பக்கம் போகவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "போடுறதுக்கு எனக்கென்ன தம்பி? ரிம் ஒத்துக்கணுமே!" என்றார்.

அகலமான டயர் என்றால் அதிகப் பிடிமானம் என்பது பலருடைய எண்ணம். அது பாதி உண்மை. மீதிப் பாதி ரிம்மில் இருக்கிறது. கார் வைத்திருப்பவர்களும், காரில் மலையேறுகிறவர்களும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எண்கள் சொல்லும் கணக்கு

அந்தக் காரில் இருந்த டயரின் பக்கவாட்டில் '165/80 ஆர் 14' என்று பொறித்திருந்தது. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம். அகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு, அதாவது 132 மில்லிமீட்டர். 'ஆர்' என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இதில் ரிம்மின் அகலம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது ரிம்மின் மீதுதான் இருக்கும். '5 ஜே' என்றிருந்தால் அகலம் 5 அங்குலம். டயரின் விளிம்பு உட்காரும் இரு உட்புறங்களுக்கு இடையே உள்ள தூரம் அது. வெளிவிளிம்பிலிருந்து அளந்தால் கணக்குத் தவறிவிடும்.

டயர் தயாரிப்பு இன்று நமக்கு அக்கம்பக்கத்துத் தொழில். ஸ்ரீசிட்டியை அடுத்த சின்னபாண்டூரில் அப்போலோ டயர் தொழிற்சாலை 2020 ஜூனில் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது அது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். எந்தத் தொழிற்சாலையானாலும் சரி, ஒவ்வோர் அளவு டயருக்கும் ஓர் அளவு ரிம் உண்டு. அந்த ரிம்மில் மாட்டி அளந்த அகலம்தான் டயரில் அச்சாகிறது. ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் சுமார் 5 மில்லிமீட்டர் விரியும்; குறைந்தால் அதே அளவு ஒடுங்கும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 165/80 ஆர் 14 டயருக்கு 4 முதல் 5.5 அங்குலம் வரை உள்ள ரிம் பொருந்தும். 185/65 ஆர் 15 டயருக்கு 5 முதல் 6.5 வரை. இளைஞர் கேட்ட 205/65 ஆர் 15 டயருக்கோ 5.5 முதல் 7.5 வரை வேண்டும். 5 அங்குல ரிம்மில் அதற்கு இடமில்லை.

மீறினால் என்ன?

குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் அதன் இரு கால்களையும் நெருக்கிக் கட்டியது போலாகும். பக்கச்சுவர்கள் வெளியே பிதுங்கும். தரையில் படியும் பரப்பு நடுவில் மேடிட்டுக்கொள்ளும். நடுப்பகுதி சீக்கிரம் தேயும். ஓரம் புதிதாகவே இருக்கும். கொடுத்த பணத்தில் பாதி வீண்.

மாறாக, அகல ரிம்மில் குறுகிய டயரை இழுத்து மாட்டுகிறவர்களும் உண்டு. அப்போது ரிம்மின் விளிம்பு வெளியே தெரியும். குழியில் இறங்கினால் அடி நேரே ரிம்முக்குத்தான். காற்றுக் குறைந்திருந்தால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு விலகிவிடும் அபாயமும் உண்டு.

நான்கு உள்ளங்கை

ஆட்களை ஏற்றிய காரில் ஒரு சக்கரத்தின் மீது 350 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ. வகுத்துப் பாருங்கள்: தரையைத் தொடும் பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர். ஏறக்குறைய ஓர் உள்ளங்கை! அகல டயர் போட்டாலும், பாரமும் காற்றும் மாறாதவரை, இந்தப் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது. நீளம் குறைந்து அகலம் கூடும். அவ்வளவுதான். வளைவில் இந்த வடிவம் உதவும். ஆனால் மழை நீர் தேங்கிய சாலையில் அகல டயர் தண்ணீரின் மேல் மிதந்து வழுக்குவது சீக்கிரம் நேரும்.

"பந்தயக் காரில் அவ்வளவு அகல டயர் போடுகிறார்களே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர்கள் நம்மிலும் இருப்பார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடமே வந்தது. உலகப் புகழ் பெற்ற ஃபார்முலா 1 பந்தயத்தில் 2017-ல் முன் டயரின் அகலம் 245-லிருந்து 305 மில்லிமீட்டராகவும், பின் டயர் 325-லிருந்து 405 ஆகவும் உயர்ந்தது. அதற்கேற்ப ரிம்மையும் அகலமாக்கினார்கள். டயரை மட்டும் மாற்றிவிட்டு யாரும் பந்தயத்துக்குப் போவதில்லை.

மலைப் பாதையில்

திருமலைக்கு 1944-ல் முதல் மலைப் பாதையும், 1974-ல் இரண்டாவது பாதையும் திறக்கப்பட்டன. இன்று ஏற ஒன்று, இறங்க ஒன்று. இறங்குவது பழைய பாதையில். கொண்டை ஊசி வளைவுகள் அங்கேதான் அதிகம்.

வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்கிறது. ரிம் போதிய அகலமாக இருந்தால் பக்கச்சுவர் நிமிர்ந்து நின்று தாங்கும். ரிம் குறுகலானால் டயர் பக்கவாட்டில் நெளியும். ஸ்டீயரிங் திரும்பிய பிறகுதான் வண்டி மெல்லத் திரும்பும். பின் இருக்கையில் குழந்தை குட்டிகளோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கணநேரத் தாமதம் சிறிய விஷயமல்ல.

உயரக் கணக்கும் உண்டு. 165/80 ஆர் 14 டயரின் மொத்த விட்டம் 620 மில்லிமீட்டர். 205/65 ஆர் 15 என்றால் 647. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி சுமார் 63-ல் போய்க்கொண்டிருக்கும். முழுதாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசவும் கூடும்.

என்ன செய்யலாம்?

டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் பெரும்பாலான கார்களில் டயர் அளவும் காற்றழுத்தமும் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். அதுவே முதல் வழிகாட்டி. அகலம் கூட்ட விரும்பினால், முதலில் ரிம்மின் அகலத்தைப் பாருங்கள். டயர் கம்பெனியின் அட்டவணையில் அந்த ரிம் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். மொத்த விட்டம் மாறக் கூடாது. பாரம் தாங்கும் எண்ணும் குறையக் கூடாது. 85 என்றிருந்தால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள்.

கடைக்காரர் இதையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். "அகலம் வேணும்னா 15 அங்குல ரிம்மும் 185/65 டயரும் சேர்த்துப் போடு தம்பி. விட்டம் 622 வரும். ரெண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனா ரிம்முக்கும் சேர்த்துச் செலவாகும்" என்றார்.

இளைஞர் சற்று யோசித்தார். மாதத் தவணை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "பழைய அளவையே போடுங்கண்ணே. ஆனா நல்லதாப் போடுங்க" என்றார்.

நான்கு புது டயர்கள் ஏறின. காற்றும் சரியாக அளந்து பிடித்தாயிற்று. மாலை ரயிலுக்கு ஆள் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் காட்பாடிக்குப் புறப்பட்டார்.