மணிமங்கலத்து வீரனுக்கு என்ன உடை?

ஒரகடம் கார் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் படப்பையைத் தாண்டி விரைகின்றன. படப்பைக்குச் சற்று வடக்கே மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கியப் புலிகேசியை நரசிம்மவர்ம பல்லவன் முறியடித்த களங்களில் ஒன்று. தோற்றோடியவன் முதுகையே ஏடாக்கிப் பல்லவன் 'வெற்றி' என்று எழுதியதாகக் கூரம் செப்பேடு பெருமைப்படுகிறது. அந்த முதுகில் கவசம் இருந்ததா என்று மட்டும் சொல்லவில்லை!

அந்தக் களத்தில் நின்ற சாதாரண வீரன் ஒருவனை வெண்கலத்தில் வார்ப்பதென்றால் சிக்கல் இங்கேதான். சாமி சிலை என்றால் ஸ்தபதிக்குத் தாளக்கணக்கு உண்டு. ஓலையை மடித்து அளவு பிரித்துவிடுவார். போர்வீரனுக்கு அப்படிச் சாஸ்திரம் கிடையாது. சினிமா மாட்டிவிட்ட மார்க்கவசத்தைக் கழற்றிவிட்டு, கல்லைத்தான் கேட்க வேண்டும்.

கல் தாராளமாகவே பேசுகிறது. காஞ்சி வைகுந்தப்பெருமாள் கோயில் சுவர்களில் பல்லவர் வரலாறே சிற்ப வரிசையாக ஓடுகிறது. ஆனால் அது அரசவைக்காரர்களின் கதை. சேவகனைப் பார்க்கச் செங்கம் பக்கம் போக வேண்டும். அங்குள்ள நடுகற்களில் வீரனுக்கு மேலாடை இல்லை. இடுப்பில் இறுக்கிய கச்சை, கையில் வில்லோ வாளோ. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மணிமங்கலப் போருக்கு ஒரு தலைமுறை முந்தியது. அதில் வீரனோடு கோவிவன் என்ற அவனுடைய நாயும் நிற்கிறது. திருடர்களைக் கடித்த நாய்க்கும் கல்வெட்டில் பெயர்!

இனி சுவாமிமலை ஸ்தபதிகளின் வார்ப்பு வேலை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி உருப்பிடிப்பார்கள். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லப் பூசுவார்கள். இந்த முதல் பூச்சுதான் உயிர். கச்சையின் மடிப்புகூட அதில் பதிய வேண்டும். பிறகு கனமான மண், கம்பிக் கட்டு, சூடு. மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகக் குழம்பு இறங்கும். கார் டர்போசார்ஜரின் சுழல்சக்கரம் வார்ப்பதும் இதே தத்துவத்தில்தான். 2023இல் டில்லி ஜி20 மாநாட்டு அரங்கின் முன் நின்ற 27 அடி, 18 டன் நடராஜரும் இப்படிப் பிறந்தவரே.

மண்ணை உடைத்து உளியால் செதுக்கிய பிறகும் வில் ஒன்று பாக்கி. மெல்லிய வில்லைத் தனியே செய்து கையில் பொருத்துவதே பழைய வழக்கம். சோழர் காலத்து இராமர் படிமங்கள் பலவற்றில் வில் எப்போதோ தொலைந்துவிட்டது. இல்லாத வில்லைப் பிடித்தபடியே இடக்கை இன்னும் உயர்ந்து நிற்கிறது.