இரட்டைக் கண்ணாடி ஜன்னல்: துடைத்தும் போகாத மங்கல் யார் குற்றம்?





பெருநாள் நெருங்கினால் ஒட்டடை அடிப்பதும் ஜன்னல் துடைப்பதும் நம் வீடுகளில் வழக்கம். சென்ற பெருநாளுக்கு முன் இந்த ஜன்னல் வேலையே ஒரு பிணக்காகி நம் அறக்கட்டளை வரை வந்தது. கிளிஞ்சல்மேட்டைச் சேர்ந்த ஒரு சகோதரி, பிள்ளைகள் வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய ஒரு மாடி வீட்டில் இரண்டு நாள் ஜன்னல்களைச் சுத்தம் செய்தார். எல்லாம் பளிச்சென்று ஆனது. இரண்டு ஜன்னல்களில் மட்டும் பனி படிந்ததுபோல் இருந்த வெள்ளை மங்கல் போகவே இல்லை. சரியாகத் துடைக்கவில்லை என்று வீட்டுக்கார அம்மா கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். "கை வலிக்கத் துடைத்தேன், அழுக்கு கைக்கு எட்டலீங்க" என்றார் அந்தச் சகோதரி.

நாங்கள் போய்ப் பார்த்தோம். எங்களுக்கும் முதலில் அது அழுக்காகவே தெரிந்தது. ஈரத்துணியால் உள்ளே துடைத்தோம், வெளியே துடைத்தோம், போகவில்லை. அந்தச் சகோதரி சொன்னது அப்படியே உண்மை. மங்கல் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் இருந்தது. அங்கே யாருடைய கையும் எட்டாது. விஷயம் தெரியாததால் ஒரு ஏழையின் கூலி குறைந்தது. இப்படி இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இரட்டைக் கண்ணாடி என்றால் என்ன?

இரண்டு கண்ணாடிகளைச் சிறு இடைவெளி விட்டு ஒன்றாக ஒட்டி அடைத்த ஜன்னல் இது. இதற்கு 1865ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஸ்டெட்சன் என்பவர் காப்புரிமை பெற்றார். நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. குளிர்நாட்டில் வீட்டின் சூடு வெளியே போகாமலும், நம் ஊரில் வெளிச்சூடு ஏசி அறைக்குள் வராமலும் அது காக்கிறது.

பிரான்சில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பழைய கட்டடங்களில் வேறு ஒரு வகையையும் பார்த்திருப்பார்கள். அதில் உள்ளே ஒரு கண்ணாடிக் கதவு, வெளியே ஒரு கண்ணாடிக் கதவு என இரண்டும் தனித்தனி. திறந்து நடுவிலும் துடைக்கலாம். இங்கே நாம் பொருத்தியிருப்பது பெரும்பாலும் ஒட்டி அடைத்த வகை. அதைத் திறக்க முடியாது.

இதன் ஓரத்தில் நான்கு பக்கமும் உள்ளீடற்ற ஒரு பட்டை ஓடும். அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள் இருக்கும். புதுப் பையோ செருப்போ வாங்கினால் உள்ளே ஒரு சிறு பொட்டலம் இருக்குமே, அந்த வேலையைத்தான் இந்த மணிகளும் செய்கின்றன. பகலில் உள்ளிருக்கும் காற்று விரிகிறது, இரவில் சுருங்குகிறது. பத்து, இருபது வருடம் இப்படியே நடந்தால் ஓரத்துப் பசை தளர்ந்துவிடும். ஈரக்காற்று மெல்ல உள்ளே நுழையும். மணிகள் உறிஞ்சும் வரை உறிஞ்சி, பிறகு தாங்காமல் விட்டுவிடும். அப்போது மங்கல் தோன்றும். அது பல நாள் நீடித்தால் ஈரம் கண்ணாடியையே அரித்து, அழியாத வெள்ளைத் தடத்தை விட்டுவிடும்.

மங்கல் எங்கே இருக்கிறது?

ஈர விரலால் முதலில் உட்பக்கம் ஒரு கோடு இழுங்கள். பிறகு வெளிப்பக்கம் இழுங்கள். எந்தப் பக்கம் கோடு தெளிகிறதோ, அழுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இரண்டு பக்கமும் தெளியவில்லை என்றால் அது நடுவில் இருக்கிறது. அல்லது பழைய உப்புத்தண்ணீர்க் கறை கெட்டியாகப் படிந்திருக்கிறது. கறை என்றால் நகத்துக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். நடு மங்கல் என்றால் இரண்டு பக்கமும் வழவழப்பாக இருக்கும்.

விடியற்காலையில் ஏசி அறையின் ஜன்னலில் வெளிப்பக்கம் நீர் பூத்திருந்தால் பயம் வேண்டாம். கண்ணாடி குளிர்ந்திருப்பதால் வெளிக்காற்றின் ஈரம் அதில் படிகிறது. வெயில் ஏறினால் தானே போய்விடும்.

கடற்கரை வீடுகளில் துடைக்கும் முறை

கடலிலிருந்து வரும் காற்று உப்பைக் கொண்டுவந்து கண்ணாடியில் பூசுகிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். இதை உலர்ந்த துணியால் தேய்த்தால் மணலும் உப்பும் கண்ணாடியைக் கீறிவிடும். ஆகவே முறை இதுதான்:

1. வெயில் விழாத நேரம் பாருங்கள். காலையோ மாலையோ நல்லது. சுடும் கண்ணாடியில் தண்ணீர் உடனே காய்ந்து கோடு விழும்.

2. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்து விடுங்கள். இதற்கு முன் துணி படக்கூடாது.

3. ஒரு வாளி தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, மெல்லிய பருத்தித் துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள்.

4. கடைசியாகக் கழுவும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும். உப்பேறிய போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். மழைக்காலத்தில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இதற்கு மிக நல்லது.

5. காயும் முன் வேறொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

6. சட்டத்தின் அடியில் மழைத்தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். மணல் அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் எடுத்துவிடுங்கள். அங்கே தண்ணீர் தேங்கி நின்றால் ஓரத்துப் பசை சீக்கிரம் கெடும். ஜன்னலின் ஆயுளைக் கூட்டுவது இந்தச் சிறு வேலைதான்.

வெள்ளைப் புள்ளிகள் போகாவிட்டால், வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஐந்து நிமிடம் ஊற விட்டுக் கழுவுங்கள். கீழே மார்பிள் பதித்திருந்தால் அதன்மேல் வினிகர் விழக்கூடாது, அரித்துவிடும்.

செய்யக்கூடாதவை

கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை ஜன்னலுக்கு ஊற்றாதீர்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. உயிருக்கு ஆபத்தான நச்சு வாயு வரும். ரப்பர் ஓரங்களில் பெட்ரோல், மண்ணெண்ணெய் பட விடாதீர்கள்.

மாடி ஜன்னலின் வெளிப்பக்கம் சுத்தமாக வேண்டும் என்பதற்காக யாரையும் சன்ஷேடில் ஏற்றாதீர்கள். நீள்கழியில் துணி கட்டி உள்ளிருந்தே எட்டும் வரை துடைத்தால் போதும். எட்டாத இடம் அழுக்காகவே இருக்கட்டும். கண்ணாடியைவிட ஒரு குடும்பத்தின் உம்மா பெரியவர்.

நடு மங்கலுக்கு வழி

துளை போட்டு உள்ளே காய வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கெட்டிப்படுத்திய கண்ணாடியாக இருந்தால் துளை போட்டதும் முழுதாக நொறுங்கிவிடும். மற்றக் கண்ணாடியில் மங்கல் தெளிந்தாலும் வெப்பம் தடுக்கும் தன்மை பழையபடி திரும்பாது.

முழு ஜன்னலையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடி இணையை மட்டும் மாற்றலாம். நீளம், அகலம், மொத்தக் கனம் மூன்றையும் அளந்து கேளுங்கள். 5 மி.மீ. கண்ணாடி இரண்டும் நடுவில் 12 மி.மீ. இடைவெளியும் இருந்தால் மொத்தக் கனம் 22 மி.மீ. வசதி இல்லாதவர்கள் அப்படியே விட்டுவிடலாம். பார்வைக்குக் குறை, குளிர்ச்சி காப்பதில் கொஞ்சம் குறை. மங்கலால் மட்டும் ஆபத்து எதுவும் இல்லை.

அந்த வீட்டில் நடந்தது

விரலால் கோடு இழுத்துக் காட்டியதும் வீட்டுக்கார அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பிடித்த கூலியை அப்போதே கொடுத்தார். "தெரியாமல் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதே" என்றும் சொன்னார். பணத்தைவிட அந்தச் சொல்லுக்குத்தான் அந்தச் சகோதரியின் கண் கலங்கியது.

கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. வேலைக்கு ஆள் வைக்கும் முன் ஜன்னலை நாமே ஒருமுறை விரலால் சோதித்துப் பார்ப்போம். நடு மங்கல் இருந்தால் அதை முன்பே சொல்லிவிடுவோம். இந்தப் பெருநாளில் நம் வீட்டுக் கண்ணாடியும் தெளிவாக இருக்கட்டும்; வேலை செய்தவர் மனதும் நிறைந்து வீடு திரும்பட்டும். வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!