வற்றும் நீரில் திரும்பி வர ஒரு படகு

மீன்பிடி கயாக் வாங்க நினைக்கிறவர் முதலில் கேட்பது, ‘கவிழுமா?’ என்றுதான். நியாயமான கேள்வி. விற்பவரும் தன்னிடம் இருப்பதிலேயே அகலமான படகைக் காட்டுவார். அதன்மேல் எழுந்து நின்றே தூண்டில் வீசலாம் என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தப் படகு எந்தத் தண்ணீரில் இறங்கப்போகிறது என்பதை இருவரும் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். மும்பையில், செம்பூர்க்காரருக்குப் பக்கத்துக் கடல் என்றால் மாஹுலும் டிராம்பேயும். அங்கே இறங்குகிறவர் இன்னொரு கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும்: நீர் வற்றத் தொடங்கிய பிறகு இந்தப் படகு என்னைக் கரை சேர்க்குமா?

சென்னைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாகப் படலாம். அங்கே கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். யாரும் கவனிப்பதுகூட இல்லை. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது மூன்றரை மீட்டரைத் தாண்டும். மழைக்காலத்தில் 4.5 மீட்டருக்கு மேல் கடல் எழும் நாட்களை மாநகராட்சி ஆண்டுதோறும் பட்டியலிட்டு அறிவிக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, மித்தி ஆற்று வெள்ளம் மாஹிம் கழிமுகத்தில் வடிய முடியாமல் தேங்கியதற்கு அன்றைய கடலேற்றமும் ஒரு காரணம். தாராவியில் அந்த இரவைக் கழித்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மும்பையின் கோலி மீனவர்களின் நாள் கடிகாரத்தில் ஓடுவதில்லை. ஏற்றத்தைப் ‘பர்தி’ என்கிறார்கள், இறக்கத்தை ‘ஓஹோட்டி’. பெரிய ஏற்ற இறக்கம் கொண்ட நாட்கள் ‘உதான்’. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறே கால் மணி நேரம். அந்த நேரத்துக்குள் தாணே கழியிலிருந்து வெளியேறும் நீரின் அளவை நினைத்துப் பாருங்கள். சேவ்ரியிலிருந்து மாஹுல் வரை நீளும் சேற்றுப் பரப்பு, காலையில் கண்ணுக்கே தெரியாமல் தண்ணீருக்கடியில் கிடக்கும்; மதியம் பூநாரைகள் நடந்து இரை தேடும் வெளியாகிவிடும். அந்தச் சேற்றில் மனிதர் நடக்க முடியாது. கால் வைத்தால் தொடை வரை இறங்கும். நாற்பது கிலோ படகை அதன்மேல் இழுத்து வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மாட்டிக்கொண்டால் அடுத்த ஏற்றம் வரும்வரை வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நிதானமாகத் துடுப்புப் போட்டால் ஓரளவு ஒடுக்கமான கயாக் மணிக்கு 5.5 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கைகள், அதே உழைப்பு, ஆனால் மிக அகலமான படகு: 4.5 கிலோமீட்டர். அசையாத நீரில் இரண்டு கிலோமீட்டர் கடக்க முதல் படகுக்கு 22 நிமிடம், இரண்டாவதற்கு 27. ஐந்து நிமிட வித்தியாசம். மீன் பிடிக்கப் போகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எதிரே 3.5 கிலோமீட்டர் வேகத்தில் நீரோட்டம் இருக்கட்டும். முதல் படகுக்கு மிஞ்சுவது மணிக்கு 2 கிலோமீட்டர், இரண்டாவதற்கு 1. அதே தூரத்துக்கு ஒருவருக்கு ஒரு மணி நேரம், மற்றவருக்கு இரண்டு. அந்த இரண்டாவது மணி நேரத்தில் கைகள் ஓய்ந்திருக்கும், பிற்பகல் கடற்காற்று எழுந்திருக்கும், கரையோரத்தில் சேறு தலைகாட்டியிருக்கும். வேகம் என்பது பந்தயக்காரர்களின் கவலை என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மும்பைக் கழிகளில் வேகமும் பாதுகாப்பின் ஒரு பகுதி.

அப்படியானால் ஒடுக்கமான படகு வாங்கிவிடலாமா? அதுவும் கூடாது. படகின் நிலைப்புக்கு அகலம் தரும் பங்கு மிகப் பெரியது. அகலத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்து அது கூடுகிறது. 70 சென்டிமீட்டர் படகு 80 சென்டிமீட்டர் ஆனால் அகலம் ஏழில் ஒரு பங்குதான் கூடியிருக்கும். படகு சாய்வை எதிர்க்கும் வலிமையோ ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். அதனால்தான் கடைசிப் பத்து சென்டிமீட்டரைக் கூட்டுவதா குறைப்பதா என்பதில் இவ்வளவு தடுமாற்றம். ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் வேட்டைக்காரர்கள் உடலோடு ஒட்டிய ஒடுக்கமான கயாக்கில் கடல்நாய் வேட்டையாடினார்கள். கவிழ்ந்தால் உள்ளே இருந்தபடியே உருண்டு நிமிரும் பயிற்சி அவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. வார இறுதியில் மட்டும் தண்ணீரைப் பார்க்கும் நமக்கு அது இல்லை.

ஆனால் நிலைப்பு என்பது ஒரே குணம் அல்ல. படகில் ஏறியதும் தெரிகிற உறுதி ஒன்று. சாய்ந்த பிறகும் ஒரு எல்லைவரை படகு தாங்கிப் பிடித்து மீண்டும் நிமிர்த்தும் உறுதி இன்னொன்று. தட்டையான, அகலமான அடிப்பாகம் முதலாவதை அள்ளிக் கொடுக்கும். குளத்தில் அதன்மேல் நடக்கலாம். ஆனால் பக்கவாட்டில் அலை வந்தால் அது அலையின் சரிவோடு சேர்ந்தே சாயும், தன் எல்லையைத் தாண்டினால் சட்டென்று புரட்டிவிடும். வளைந்த அடியும் விலா விரிந்த பக்கங்களும் உள்ள படகு ஏறியவுடன் கொஞ்சம் அலைக்கழிக்கும், மனதில் பயம் தட்டும். ஆனால் அலை அடியில் புரண்டு போகும்போது உட்கார்ந்திருப்பவரை நேராக வைத்திருப்பது அதுதான். விற்பனை இடத்தில் முதல் வகை எளிதில் மனதைப் பிடிக்கும். அடல் சேது கடற்பாலத்தின் தூண்களைத் தாண்டித் திறந்த நீருக்கு வந்தால் இரண்டாவது வகையின் அருமை தெரியும்.

இருக்கை விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இப்போதைய மீன்பிடி கயாக்குகளில் நாற்காலி போல உயர்ந்த இருக்கை வைக்கிறார்கள். முதுகுக்கு இதம், மீனைப் பார்க்க வசதி. 75 கிலோ மனிதர், 35 கிலோ படகு, 10 கிலோ சாமான் என்றால், இருக்கையை 15 சென்டிமீட்டர் உயர்த்தும்போது மொத்த எடையின் மையம் ஒன்பது சென்டிமீட்டருக்கும் மேல் உயர்கிறது. அகலத்துக்காகக் கொடுத்த காசில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துபோகிறது. உயர்ந்த உடம்பு காற்றையும் வாங்கும். இருக்கையை இறக்கி வைக்க வழியுள்ள படகை மட்டும் பாருங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். குளத்தில் உயரத்தில் வைத்துக்கொள்ளலாம். கடலுக்குப் போனால் கீழே இறக்கிவிட வேண்டும்.

தமிழ்நாட்டுக் கரைக்கு இதெல்லாம் புதிது இல்லை. இன்றைய பிளாஸ்டிக் கயாக்கின்மேல் உட்கார்ந்து செல்லும் முறைக்கு மிக நெருங்கிய உறவு நம் கட்டுமரம். லேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. தண்ணீர் நிரம்புவதற்கு அதற்கு உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. மேலே ஏறிய அலை மரங்களுக்கு இடையே வழிந்து இறங்கிவிடும். கயாக்கின் தளத்தில் இருக்கும் வடிகால் துளைகள் செய்வதும் இதையேதான். நீளத்தோடு ஒப்பிட்டால் கட்டுமரம் ஒடுக்கமானது. ஆனால் அதில் போகிறவர் மண்டியிட்டோ உட்கார்ந்தோ நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கிறார். முன்முனையான அணியத்தில் மரங்கள் மேல்நோக்கி எழுந்திருப்பதால் கரையோர அலையைப் பிளந்து ஏற முடிகிறது. கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டி, ஏறிக்கொண்டு, மறுபடி துடுப்பைப் பிடிக்கலாம். கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து மரங்களைக் காயப்போடுவார்கள், நீர் ஊறினால் கனத்துவிடும் என்பதால். எடை கூடினால் வேகம் போகும் என்பதை அவர்களுக்குப் பாடமாக யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் கட்டுமரத்துக்கு மாற்றுத் தேடிய முயற்சிகளும் சுவாரசியமானவை. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலை மோதும் கரையில் நேராக வந்தேறும் படகுகளை வடிவமைக்கப் பல ஆண்டுகள் உழைத்தது. குமரி மாவட்டத்து முட்டத்தில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே 1980களில் ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். 2004 சுனாமிக்குப் பிறகு கண்ணாடியிழை வள்ளங்கள் கரையெங்கும் பெருகின. அவற்றில் வேகம் எஞ்சினின் பொறுப்பாகிவிட்டது. எவ்வளவு அகலமாக வேண்டுமானாலும் கட்டலாம், கூடுதல் டீசலோ மண்ணெண்ணெயோ அதை ஈடுகட்டிவிடும். கயாக்கில் போகிறவருக்கு இரண்டு கைகள்தான் எஞ்சின். அவர் பாடம் கேட்க வேண்டியது வள்ளத்திடம் அல்ல, கட்டுமரத்திடம்: ஒடுக்கத்தை உயரக் குறைவால் ஈடுகட்டுவது, மூழ்காமையை முதலில் உறுதி செய்வது.

கால்களை எஞ்சினாக்கும் மிதி-கயாக்குகளும் உண்டு. ஹோபி நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த மிதி அமைப்புதான் அதைப் பரவலாக்கியது. தொடைக்குப் புஜத்தைவிட வலு அதிகம், கை தூண்டிலுக்கு மிஞ்சும், அகலமான படகையும் ஓரளவு ஓட்டிவிடலாம். என் தயக்கம் மும்பையின் தண்ணீரைப் பற்றியது. கழிகளில் மிதக்கும் பிளாஸ்டிக் பைகளும் அறுந்த வலைத் துண்டுகளும் அடியில் அசையும் எதிலும் சுற்றிக்கொள்ளும். ஆழம் குறைந்த சேற்றில் அதைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி துடுப்பைத்தான் நம்ப வேண்டும். எடையும் விலையும் வேறு கூடும். செம்பூரில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர், ஐம்பது கிலோ படகை எங்கே வைப்பது, யார் தூக்குவது என்று வாங்குவதற்கு முன் யோசிப்பது நல்லது.

பவாய் ஏரியில் மட்டும் மீன்பிடிக்கப் போகிறவருக்கு நான் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அங்கே நீரோட்டம் இல்லை, அலை இல்லை. 85 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் உள்ள படகை அவர் தாராளமாக வாங்கலாம். ஏரியில் முதலைகள் இருப்பதால், கவிழாமல் இருப்பதுதான் அங்கே எல்லாவற்றிலும் முக்கியம்.

கழிக்கும் கடலோரத்துக்கும் போகிற, சராசரி உடல்வாகு உள்ளவருக்கு என் தேர்வு இது: பன்னிரண்டு அடியை ஒட்டிய நீளம், 76 முதல் 82 சென்டிமீட்டருக்குள் அகலம், 35 கிலோவுக்குள் எடை, இறக்கி வைக்கக்கூடிய இருக்கை. பத்து அடிப் படகு தூக்க எளிது, ஆனால் காற்றில் மூக்கைத் திருப்பிக்கொண்டே இருக்கும். பதினான்கு அடி நேராக ஓடும், அடுக்குமாடிக் கட்டடத்தில் வைக்க இடம் கிடைக்காது. நூறு கிலோவைத் தாண்டியவர்கள் அகலத்தில் இன்னும் ஐந்து சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். தாங்கும் திறன் என்று அச்சிட்டிருக்கும் எண்ணில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம். அதற்கு மேல் போனால் மிதக்கும், ஆனால் மந்தமாகவும் ஈரமாகவும் மிதக்கும்.

வாங்குவதற்கு முன் இடுப்பளவுத் தண்ணீரில், உயிர்காப்பு அங்கியோடு, ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்கள். பின்னால் திரும்பிப் பெட்டியிலிருந்து ஏதாவது எடுங்கள். இரண்டு கால்களையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு உட்காருங்கள். விளிம்பில் நீர் தொடும்வரை சாய்ந்து, படகு எந்த இடத்தில் எதிர்ப்பை விடுகிறது என்று உடம்பால் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு வேண்டுமென்றே விழுந்து, யார் உதவியும் இல்லாமல் மறுபடி ஏறுங்கள். ஏற முடியாத படகு, எவ்வளவு ஆடாமல் நின்றாலும், உங்களுக்கான படகு அல்ல.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாராவியின் கோலி குடியிருப்பான கோலிவாடாவின் மீனவர்கள் ஒருகாலத்தில் வலைபோட்ட மித்தியிலும் மாஹிம் கழியிலும் இன்று மாசுபட்ட நீரில் பிடிக்கும் மீனை வீட்டுக்குக் கொண்டுபோக நான் சொல்ல மாட்டேன். கொடுவா மீனை இங்கே ஜிதாடா என்பார்கள், காலாவை ராவஸ். அவற்றுக்காகப் போகிறவர்கள் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பக்கம் நெருங்கக் கூடாது. ஐரோலிக்கும் வாஷிக்கும் இடைப்பட்ட பூநாரைச் சரணாலயத்துக்குள்ளும் நுழையக் கூடாது. 2008 நவம்பர் 26-இல் மும்பைத் தாக்குதல்காரர்கள் சிறு ரப்பர் படகில் மச்சிமார் நகரில் கரையேறிய பிறகு, அறிமுகமில்லாத எந்தப் படகும் கண்காணிக்கப்படுகிறது. கோலிவாடாவில் பெரியவர்களிடம் முதலில் பேசுங்கள். படகு இறக்க இடம் கேட்பதோடு, நீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்றும் அவர்களிடமே கேளுங்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களின் விசைப்படகுகளே கரையில் கிடக்கும்போது, கயாக்குக்குக் கடலில் வேலை இல்லை.

நங்கூரத்தை ஒருபோதும் பக்கவாட்டில் கட்டாதீர்கள். ஓட்டமுள்ள நீரில் அது எவ்வளவு அகலமான படகையும் கீழே இழுத்துக் கவிழ்த்துவிடும். அணியத்திலோ, பின்முனையான அமரத்திலோ மட்டும், உடனே அவிழ்க்கும்படி கட்ட வேண்டும். முதல் பயணத்துக்கு அஷ்டமியை ஒட்டிய நாளைத் தேர்ந்தெடுங்கள், அன்று ஏற்ற இறக்கம் குறைவு. உச்ச ஏற்றத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இறங்கி, உள்ளே வரும் நீரை எதிர்த்துக் கழிமுகத்தின் பக்கம் போங்கள். கை களைத்த பிறகு அதே நீர் உங்களைத் திரும்பக் கொண்டுவரும். ஏற்றம் முடியும் நேரத்தில் படகு கரையில் இருக்க வேண்டும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்.