‘கன’ என்னும் அளவுச்சொல்

கனகராயன்குளத்து வயற்கரையில் விளைச்சல் பற்றி வினவினால் ‘கனக்க இல்லை’ என்ற விடை கிடைக்கக்கூடும். ‘கனபேர்’, ‘கனநாள்’, ‘கனதூரம்’ எனப் பெயருக்கு அடையாகும் இச்சொல், ‘கனக்கக் கதையாதை’ என வினைக்கும் அடையாகின்றது. (ஊர்ப்பெயரிலுள்ள ‘கனக’ பொன்னைக் குறிப்பது, இதனோடு உறவற்றது.) ஈழத்துப் பேச்சுவழக்குக்குப் பொதுவான இதனைக் கொச்சையென ஒதுக்குவது எம்மவர் வழக்கம்.

தொல்காப்பியம் மிகுதிப்பொருளில் உறு, தவ, நனி என்பவற்றைக் கூற, நன்னூல் சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்தது. ‘கன’ அவ்வரிசையில் இல்லை. ஆயின் அதன் பிறப்புத் தெளிவானது: கனத்தல், அதாவது பாரமாதல். ‘நிறைய’ என்பதும், ‘நிரம்ப’ என்பதன் திரிபாகிய ‘ரொம்ப’ என்பதும் கொள்கலம் நிறைவதிலிருந்து தோன்றியவை. ‘கன’ சுமப்பவரின் உடலிலிருந்து தோன்றியது. களஞ்சியத்துக்கு உரியவன் நெல் நிறைவதைக் காண்கிறான்; மூடை தூக்குபவனுக்கு அது கனக்கின்றது. இதனை முற்றிலும் வர்க்க வேறுபாடாக விளக்குவது மிகையே; தமிழகத்துக் கூலியாளும் ‘ரொம்ப’ என்றுதான் சொல்கிறார். எனினும் உழைப்பின் அனுபவம் இச்சொல்லிற் பதிந்திருப்பதை நாம் மறுப்பதற்கில்லை.

ஆங்கிலப் பேச்சுவழக்கின் ‘அம்ப்டீன்’ ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. மோர்ஸ் குறியீட்டின் நீள்கோட்டைத் தந்தியாளர் ‘அம்ப்டி’ என்றனர். ‘ட்வென்டி’ முதலிய எண்களின் ஓசையொப்புமையால் அது எண்ணிக்கை தெரியாத மிகுதியைக் குறிக்கலாயிற்று; பின் ‘தேர்ட்டீன்’ போன்றவற்றின் ஈற்றைப் பெற்று, முதல் உலகப் போர்க்காலப் படையினரிடையே பரவியது. எண்ணாக வேடமிட்டு எண்ணுவதையே எள்ளும் சலிப்புச் சொல் அது. ‘கன’வில் அவ்வெள்ளல் இல்லை.

2009இன் பின் வன்னியில் இச்சொல் வேறொரு பாரத்தையும் சுமக்கின்றது. போரின் இறுதி மாதங்களில் மாண்ட பொதுமக்களின் தொகை இன்றும் முடிவாகவில்லை. பொதுமக்கள் எவரும் பலியாகாதவாறே போர் நடத்தப்பட்டதென அரசு கூறிற்று. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு, 40,000 வரையான மரணங்கள் நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதை நிராகரிக்கவியலாது என 2011இல் அறிவித்தது. இவற்றிடையே ‘கனபேர் செத்தவை’ என்னும் கூற்றைத் துல்லியமற்ற சாட்சியமெனத் தள்ளுதல் எளிது. ‘பலர்’ எனப் பெயர்த்தாலும் அதன் பாரம் கழன்றுவிடும். அக்கூற்றை எண்ணத் தெரியாதவரின் பேச்சாக நாம் கொள்ளலாகாது. தம் வீட்டிலும் ஒழுங்கையிலும் மாண்டவரைப் பெயர் சொல்லியே அவர்கள் எண்ணுவர். அதற்கப்பால், பதுங்குகுழியிலிருந்து எண்ண முடியாதுபோன இடத்திலேயே ‘கனபேர்’ தொடங்குகின்றது.