பையனுக்கு 'அந்த இடத்துல' திடீர் வலியா? முதல் 6 மணி நேரம் ஏன் முக்கியம்?

ராத்திரி 11 மணி. 14 வயசுப் பையனுக்கு விரையில் திடீர்னு தாங்க முடியாத வலி, கூடவே குமட்டல். அம்மாகிட்ட என்ன சொல்வான்? பெரும்பாலும் 'வயித்து வலி'ன்னுதான். ஓமத்தண்ணி கிடைக்கும். அப்புறம் போர்வைக்குள்ள போனைத் திறந்து, தன் வயசு பையன் யார்கிட்டயாவது 'ப்ரோ, இது நார்மலா?'ன்னு கேட்பான். 'எனக்கும் வந்துச்சு ப்ரோ, தானா போயிடும்'னு பதில் வரும்.

போகாமலும் இருக்கலாம். விரையைத் தாங்கி நிற்கும் நரம்புக் கொடி முறுக்கிக்கொண்டால், அதுக்குள் ஓடும் ரத்தக்குழாயும் நெருக்கப்பட்டு ரத்த ஓட்டம் நின்றுவிடும். இதுதான் 'டெஸ்டிகுலர் டார்ஷன்'. 12 முதல் 18 வயசுக்குள் அதிகம். அடிபட்டால்தான் வரும்னு இல்லை, தூக்கத்திலேயே வரலாம். 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் 90 சதவீதத்துக்கு மேல் விரையைக் காப்பாற்றலாம். 24 மணி நேரம் தாண்டினால் வாய்ப்பு ரொம்பக் குறைவு. பல நேரம் அகற்ற வேண்டியிருக்கும். நடுவில் வலி குறைந்தாலும் நம்பக்கூடாது. முறுக்கு தானாக விலகியிருக்கலாம், உள்ளே திசு செத்தும் போயிருக்கலாம்.

இப்போ இந்த 6 மணி நேரத்தை நம்ம ஊர் மேப்பில் வைத்துப் பாருங்க. தளவாய்புரத்துப் பையன் முதலில் ராஜபாளையம் அரசு மருத்துவமனைக்கு வரணும். அங்கிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பினால், 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இல்லன்னா சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி மதுரை. வெட்கத்தில் கழிந்த மூணு மணி நேரத்தை எந்த 108 டிரைவராலும் மீட்டுத் தர முடியாது. தெருவுக்குத் தெரு நைட்டி தைத்து வெளியூருக்கு அனுப்புற ஊர் இது. அங்கேயும் பையனோட உடம்பைப் பத்தி வீட்டில் பேச வார்த்தை இல்லைங்கிறதுதான் விசித்திரம்.

வார்த்தை சிம்பிள்தான். மருத்துவமனையில் 'விரையில வலி, இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது'ன்னு சொன்னால் போதும். 'வயித்து வலி'ன்னு சொன்னால் டாக்டரும் வயிற்றைத்தான் முதலில் பார்ப்பார். அடிவயிற்று வலியோடு வாந்தி எடுக்கும் பையனிடம், 'கீழேயும் வலிக்குதா?'ன்னு பெற்றோரே கேட்டுடலாம். ஆபரேஷனில் முறுக்கை எடுத்துவிட்டு, மறுபடி திரும்பாமல் இருக்க இரண்டு பக்கமும் தைத்து நிறுத்துவார்கள்.

பையன்கள் பயப்படுற எல்லாமே இவ்வளவு அவசரம் இல்லை. 13, 14 வயசில் மார்பு லேசாக வீங்குவது ஹார்மோன் மாற்றம். பாதிப் பையன்களுக்காவது வரும், பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குள் வடிந்துவிடும். (கிளாஸில் கிண்டல் பண்றவனுக்கும் இருக்கலாம், சட்டை லூஸா போட்டிருப்பான்.) விதைப்பையில், முக்கியமாக இடது பக்கம், நரம்பு புடைத்த மாதிரி தெரிந்தால் அது வெரிகோசீலாக இருக்கலாம். நிதானமாக டாக்டரிடம் காட்டலாம்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவதோ நோயே கிடையாது. அதை நினைத்து உடம்பு பலவீனமாகிடுச்சுன்னு பயப்படுவதற்கு, மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-லேயே 'தாத் சிண்ட்ரோம்'னு பெயர் வைத்துவிட்டார். அந்தப் பயத்தில்தான் லாட்ஜ் வைத்தியர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள். இந்த மாதிரி விளம்பரங்களை 1954-ம் ஆண்டு சட்டமே தடை செய்திருக்கிறது.

நேரில் கேட்கக் கூச்சமா? 104-க்கு போன் போட்டு மருத்துவ ஆலோசனை கேட்கலாம். 10 முதல் 19 வயசுக்காரர்களுக்காக 2014-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வஸ்திய காரியக்கிரம் திட்டத்தில், அரசு மருத்துவமனைகளில் வளரிளம் பருவத்தினர் ஆலோசனை மையங்களும் உண்டு. திடீர் வலிக்கு மட்டும் ஆலோசனை வேண்டாம், நேராக 108.