ஏழு மைல் பயணம்

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிலிமத்தலாவைச் சந்தியில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். கடுகண்ணாவைப் பக்கமிருந்து பழைய மோட்டார்க் கார்களின் வரிசையொன்று மெல்ல அசைந்து வந்தது. மொறிஸ் மைனர்கள், ஒஸ்டின்கள், ஒரு பேஜோ. மணப்பெண்ணுக்குச் செய்வதுபோல ஒவ்வொன்றையும் துடைத்து, மெருகிட்டு, அலங்கரித்திருந்தார்கள். பித்தளைக் கடைக்காரர்களும் வேலையை விட்டு வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

என் பக்கத்தில் நின்ற இளைஞன் என்னிடம் படித்தவன். கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டே, "சேர், இதெல்லாம் என்ன கார்! அறுபத்துநாலாம் வருஷத்து அமெரிக்கக் கார்களை நீங்கள் பார்க்க வேணும்" என்றான்.

அவன் சொன்னதில் பிழையில்லை. அமெரிக்கர் 'மஸில் கார்' என்று செல்லமாக அழைக்கும் அந்தப் புயவலுக் கார்களின் காலம் 1964ஐ ஒட்டியே மலர்ந்தது. அவ்வாண்டு மாதிரியான போன்ரியாக் ஜீ.ரீ.ஓ.வின் இயந்திரம் 325 குதிரைவலு உடையது. அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் போர்ட் நிறுவனம் தன் மஸ்டாங்கை வெளியிட்டது. பெற்றோல் மலிந்து, நெடுஞ்சாலைகள் நீண்டு கிடந்த நாட்டில் இளமைக்கு வேறென்ன வேண்டும்? 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து அந்தக் களியாட்டத்தை அடக்கும்வரை அவை ஓடின. இன்று முதியவர்களாகிவிட்ட அன்றைய இளைஞர்கள் அவற்றை நினைத்து ஏங்குவது இயல்பே.

ஆனால், 1964 என்ற எண்ணைக் கேட்டதும் என் நெஞ்சில் எழுந்தது வேறொரு நினைவு.

என் தந்தையார் இதே சந்தியில் வாடகைக் கார் ஓட்டியவர். அவருடையது ஒஸ்டின் ஏ-40 சோமர்செட். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான அந்த வகைக் காருக்கு 1200 கன சென்ரிமீற்றர் இயந்திரம். வலு 42 குதிரை. முன்னிருக்கை ஒரே நீளப் பலகைபோல இருக்கும். கியர்த்தண்டு ஸ்டியரிங்கின் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மார்கழிக் குளிரில் அது எளிதில் உயிர் பெறாது. முன்புறம் இரும்புக் கைபிடியைச் செருகி அப்பா சுழற்றுவார். நான் உள்ளே அமர்ந்து, அவர் சொல்லும் கணத்தில் மூச்சடைப்புக் குமிழை இழுப்பேன். அந்த வேலை எனக்குக் கிடைத்ததில் நான் கொண்ட பெருமிதம் கொஞ்சமல்ல.

கடுகண்ணாவை ஏற்றத்தைப் பற்றிக் கண்டிச் சாலையில் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்டன் டோசன் அமைத்த பாதை அது. அவர் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் மேட்டில் நிற்கிறது. மலையடிவாரத்தில் துள்ளிப் புறப்படும் ஒஸ்டின், குடைந்த பாறையருகே வருமுன் கொதித்துப் பெருமூச்சு விடத் தொடங்கும். அப்பா ஓரமாக நிறுத்துவார். நான் தகர வாளியுடன் ஊற்றுநீருக்கு ஓடுவேன். "கிழவிக்குத் தாகம்" என்பார் அப்பா. காரைக் கிழவியென்றே அழைப்பார்.

அறுபதுகளில் அந்நியச் செலாவணி வற்றியபோது கார் இறக்குமதியை அரசு இறுக்கியது. புதிய கார் என்பது கனவாயிற்று. இருந்த காரைச் சாகவிடாமல் காப்பதே வித்தையாயிற்று. கராஜில் இருந்த பாஸ், உடைந்த உறுப்பைப் பார்த்து அதுபோல இன்னொன்றைக் கடைந்து கொடுப்பார். இன்று நாம் வியக்கும் இந்தப் பழைய வண்டிகள் பல, வறுமை காத்து வைத்த செல்வங்கள்.

அதே 1964இல், அக்டோபர் 30ஆம் நாள், புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். நாடற்றவராய் நின்ற மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று தீர்மானமாயிற்று. நெல்லை மரக்காலால் அளப்பதுபோல மனிதரை அளந்தார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் பயன் எங்கள் ஊருக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. 1970ஆம் ஆண்டளவில் ஒருநாள், அயலிலிருந்த தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் காரை அமர்த்தியது. கண்டிப் புகையிரத நிலையத்துக்குப் போக வேண்டும்; அங்கிருந்து கோச்சியில் தலைமன்னார்; பிறகு கப்பலில் இராமேசுவரம். அந்த வீட்டுப் பையன் என் வகுப்புத் தோழன்.

கண்டிக்குக் காரில் போகிறோம் என்ற மகிழ்ச்சியில் நான் முன்னிருக்கையில் தொற்றிக்கொண்டேன். தோழனும் அவன் பாட்டியும் என் பக்கத்தில். பின்னால் தாயும் தந்தையும் பிள்ளைகளும்; மேலே தகரப் பெட்டிகளும் பாய்ச் சுருள்களும். சந்தியிலிருந்து கண்டிக்கு ஏழு மைல். வண்டி வேகமெடுக்கும் தருணத்தில் பாட்டி வாய் திறந்தாள்.

"தம்பி, கொஞ்சம் மெதுவா ஓட்டப்பா. இந்த மலையை ஒருவாட்டி நல்லாப் பாத்துக்கிறேன்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை மாட்டுவண்டிப் போக்கில் விட்டார். பின்னால் வந்த லொறிகள் ஹோர்ன் அடித்து முந்திச் சென்றன. பேராதனைப் பாலத்தின்மேல் மகாவலி கண்ணில் பட்டபோது பின்னிருக்கையில் அடங்கிய விம்மல் கேட்டது. எனக்கோ உள்ளுக்குள் எரிச்சல். 'இவ்வளவு நல்ல சாலையில் ஏன் இப்படி ஊர்கிறார்?' என்பதே என் கவலை. தோழனிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது வண்டி வெறுமையாயிருந்தது. "வேகமா ஓட்டுங்கப்பா" என்றேன். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஓட்டினார். நாற்பது, ஐம்பது மைல் வேகம். சன்னல் வழியே காற்று முகத்தில் அறைந்தது. அந்தப் பயணம் எனக்கு இனித்தது. அதை இன்று மறைப்பதற்கில்லை. என் வாழ்நாளின் மிக இன்பமான கார்ப் பயணம் எதுவென்று கேட்டால், வெட்கத்துடன் அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆண்டுகள் சென்று நீலகிரியிலிருந்து தோழனின் கடிதம் வந்தது. அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை என்று எழுதியிருந்தான். "உங்கள் கார் இன்னும் ஓடுகிறதா?" என்று விசாரித்திருந்தான். பாட்டி காலமான செய்தியும் இருந்தது. அவள் கடைசிவரை கப்பலைப் பற்றியோ மண்டபம் முகாமைப் பற்றியோ அதிகம் பேசியதில்லையாம். அப்பா மெதுவாக ஓட்டிய அந்த ஏழு மைலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அப்பாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து முற்றத்துக்குப் போய், ஏற்கெனவே துடைத்திருந்த காரை மீண்டும் துடைத்தார். 1977க்குப் பின் இறக்குமதி தளர்ந்து யப்பானிய வண்டிகள் பெருகியபோது கிழவிக்கு வாடகை குறைந்தது. உறுப்புகளுக்காக அதை வாங்கியவர் இழுத்துச் சென்ற நாளில் அப்பா வீட்டில் இருக்கவில்லை.

பழைய கார்களைப் போற்றுவோரை நான் குறை கூறேன். இரும்பை நேசிப்பவன் அதைச் செய்த கைகளையும் அதில் ஏறிய மனிதரையும் ஒருநாள் நேசிக்கக்கூடும். ஆயினும் ஒன்று சொல்வேன். காரில் போய்த் திரும்பி வந்தவனுக்கே பயணத்தின் நினைவு இனிக்கிறது. திரும்பி வராதவர்களின் நினைவையும் அந்த இருக்கைகள் சுமந்திருக்கின்றன.

வரிசையின் கடைசியில் ஒரு சோமர்செட் வந்தது. சந்தியின் நெரிசலில் அதன் வேகம் குறைந்தது. "என்ன சேர், இந்தக் கார் இப்படி ஊர்கிறது!" என்று சிரித்தான் இளைஞன்.

"ஊரட்டும் தம்பி" என்றேன். அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்து போனதை இருவரும் கவனிக்கவில்லை.