வளைகாப்பு முடிந்து தாய் வீடு போகும்போது

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். திருப்பூரில் குடியிருக்கும் பெண் தேனிக்குப் போவாள். காரில் சீர்த் தட்டு, கட்டுச்சோறு, புதுப் புடவை எல்லாம் ஏறும். மாதக்கணக்கில் சேர்ந்த மருத்துவக் காகிதங்கள் மட்டும் பீரோவுக்கு மேலேயே கிடக்கும். நள்ளிரவில் வலி எடுத்துப் போய்ச் சேரும் புது மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான்: ரத்த வகை என்ன, ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை உண்டா, நஞ்சு கீழே இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்களா?

பிறக்கும் முன் தொட்டில் வாங்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். ஃபைல் வாங்கத் தடையில்லை. தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஆதார் நகல், கர்ப்பிணியின் பெயரிலேயே உள்ள வங்கிப் புத்தகம், பிக்மி எண் ஆகியவை அதில் இருக்கட்டும். கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்தால் இந்த எண் கிடைக்கும். ‘நாங்கள் தனியாரில்தானே பார்க்கிறோம்’ என்று விட்டுவிடுகிறவர்கள் பிறப்புச் சான்றிதழுக்குப் போய் நின்று விழிக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிய அந்த எண் வேண்டும். ஏழைக் குடும்பங்களுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் இந்தப் பதிவை வைத்துத்தான் வருகிறது. ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியலும் வங்கியில் கணவர் பெயரும் இருந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்கள். ஊர் மாறுவதை இரண்டு ஊர்ச் செவிலியர்களிடமும் சொல்லிவிட வேண்டும்.

வேலைக்குப் போகும் பெண் கிளம்புமுன் விடுப்புக் கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் என்பது 2017 திருத்தத்தில் வந்த உரிமை. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். இஎஸ்ஐ பிடிக்கும் கம்பெனி என்றால் பணம் இஎஸ்ஐயிலிருந்து வரும். கர்ப்பத்தைக் காட்டி ‘நின்றுகொள்ளம்மா’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ராஜினாமாக் கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எழுதிவிட்டால், தொழிலாளர் துறையில் புகார் செய்யும்போது அந்தக் காகிதமே உங்களுக்கு எதிராக நிற்கும்.

அரசு மருத்துவமனையில் சிசேரியன் உட்பட எல்லாம் இலவசம். மருந்து, ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குத் திரும்பும் வண்டியும் சேர்த்தி. 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் சில இடங்களில் குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து, “ஆம்பளப் புள்ள, சந்தோஷமாக் கொடுங்க” என்று கை நீட்டுகிறார்கள். பெண் என்றால் தொகை குறையும். லஞ்சத்தோடு அவமானமும் இலவச இணைப்பு! நிலைய மருத்துவ அலுவலரிடமோ 104 எண்ணிலோ புகார் சொல்லலாம். அந்த நேரத்தில் வாய் வராது என்பதால், யார் பேசுவது என்று வீட்டில் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், கண் மங்கும் அளவுக்குத் தலைவலி, குழந்தையின் அசைவு குறைதல், இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 108.

வீட்டைத் தயார் செய்வதில் கடினமான வேலை, பாட்டியிடம் பேசுவது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ சேனையாகத் தொட்டு வைப்பது பல குடும்பங்களில் மரியாதையான சடங்கு; நல்ல குணமுள்ளவர் கையால் வைத்தால் அந்தக் குணம் வரும் என்று நம்பிக்கை. ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி உடலைத் துவளச் செய்துவிடும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் சீம்பாலுக்கான பசி போய்விடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை அது மட்டுமே. இதைப் பிரசவ அறை வாசலில் சொன்னால் சண்டைதான் வரும். எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் பாட்டியையும் கூட்டிப்போய்ச் செவிலியர் வாயால் சொல்ல வையுங்கள். மருமகள் சொல்லி எடுபடாதது அங்கே எடுபடும். வந்த கையோடு கண்ணுக்குள் மை, மூக்கில் எண்ணெய், தொப்புளில் சாம்பல், மூடிய அறையில் சாம்பிராணிப் புகை எல்லாம் கூடாது என்பதையும் கேட்டுவிடலாம். திருஷ்டிப் பொட்டு வேண்டுமென்றால் உள்ளங்காலில் வைத்துக்கொள்ளட்டும். பால் பவுடர் டப்பாவை யாராவது இலவச மாதிரியாக நீட்டினால், அது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பிறப்பைப் பதிய 21 நாள் அவகாசம், அதற்குள் கட்டணமில்லை. தேனியில் பிறந்த குழந்தைக்குத் தேனியில்தான் பதிவு. திருப்பூர் திரும்பிய பிறகு ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தப் பஸ் ஏற வேண்டியிருக்கும். அதனால் டிஸ்சார்ஜ் அன்றே மருத்துவமனைப் பதிவேட்டில் அப்பா, அம்மா பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிடுங்கள். ஜோசியர் எழுத்துச் சொல்லட்டும் என்று காத்திருப்பவர்கள் பிறப்பை மட்டும் முதலில் பதியலாம். குழந்தையின் பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை.